ஒருமுறை இறக்கினால் இருபது கணினிக்கும் போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ, ஒரு பள்ளியின் கணினி அறையை நினைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட கணினிகள் இருபது. முதல் அப்டேட்டுக்கு ஒன்றுக்கு 400 எம்பி என்று வைத்தால் மொத்தம் 8 ஜிபி. ஆசிரியரின் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு 2 ஜிபிதான் என்றால் நாலு நாள் ஓடிவிடும். இறங்குவதோ அதே 400 எம்பிதான், இருபது தடவை! தெருவில் ஒரு தொட்டி இருந்தால் ஆளாளுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கு நடப்பார்களா? அந்தத் தொட்டிதான் லோக்கல் ரெப்போ, உள்ளூர்க் களஞ்சியம்; பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளை, பக்கத்திலேயே சேர்த்துவைக்கும் இடம்.

உபுண்டுவில் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி ஆப்ட். இந்தப் பேச்சை எடுத்ததும் பலரும் ஆப்ட்-மிரர் என்ற நிரலைப் போட்டு, இணையத்தில் இருக்கும் மொத்தக் களஞ்சியத்தையும் நகலெடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். வேண்டாம். ஒரே ஒரு உபுண்டு பதிப்பு, 64 பிட் மட்டும் என்றாலும் நூற்றுக்கணக்கான ஜிபி ஆகும். அதில் பள்ளிக்கு வேண்டியது கொஞ்சம்தான்.

இணையம் ஓரளவாவது உள்ள இடத்துக்கு ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற நிரல் போதும். ஒரு கணினியைச் சர்வராக வைத்து அதில் மட்டும் இதை நிறுவுங்கள். முதல் கணினி கேட்கும் பேக்கேஜை வெளியிலிருந்து வாங்கித் தன் வட்டில் வைத்துக்கொள்ளும். அடுத்த பத்தொன்பதுக்கும் அங்கிருந்தே கொடுக்கும். இது பேசும் போர்ட், அதாவது வலையமைப்பு வாசலின் எண், 3142.

மற்றக் கணினிகளில் செய்ய வேண்டியது ஒரே ஒரு வரி. பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஈடிசி, ஆப்ட், ஆப்ட் டாட் கான்ஃப் டாட் டி என்று போகும் ஃபோல்டருக்குள் ஒரு புதுக் கோப்பு. அதில் அக்வயர், இரட்டை முக்காற்புள்ளி, எச்டிடிபி, மறுபடி இரட்டை முக்காற்புள்ளி, பிராக்ஸி. ஓர் இடம் விட்டு, மேற்கோள் குறிக்குள் எச்டிடிபி முகவரியாகச் சர்வரின் ஐபியும், அதாவது வலையமைப்பில் அதன் எண் முகவரியும், முக்காற்புள்ளி போட்டு 3142-உம். கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளி விட்டுப்போனால் ஆப்ட் அந்தக் கோப்பையே ஏற்காமல் பிழை காட்டி நின்றுவிடும்.

சர்வரின் ஐபியை ரவுட்டரிலேயே நிலையாக ஒதுக்கிவிடுங்கள், 192.168.1.10 என்பதுபோல. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து கரண்ட் வரும்போது ரவுட்டர் வேறு எண்ணைக் கொடுத்துவிட்டால் இருபது கணினியும் ஒரே நேரத்தில் முரண்டு பிடிக்கும். அன்றைக்கு ஆப்ட்டையும் உபுண்டுவையும் திட்டிப் பயனில்லை. இன்னொன்று, சர்வரை முதலில் போட்டுவிட்டு அப்புறம் மற்றவற்றைப் போட வேண்டும்.

ஹாட்ஸ்பாட்டில் டேட்டா தீர்ந்தால் சில நேரம் பேக்கேஜ் பட்டியலுக்குப் பதிலாக ரீசார்ஜ் பக்கம் வந்து விழும். ஆப்ட் அதைப் பட்டியல் என்று நம்பித் திறந்து பார்த்து, களஞ்சியத்தின் டிஜிட்டல் கையெழுத்து இல்லையே என்று நோஸ்பிளிட் என்றொரு பிழையைக் காட்டும். கணினியில் பழுதில்லை, ரீசார்ஜ் செய்துவிட்டு மறுபடி அப்டேட் கொடுங்கள்.

பழைய கணினிகளில் வேறொரு வம்பு. போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். களஞ்சியத்தின் விவரம் சொல்லும் ரிலீஸ் கோப்பில் தேதி உண்டு. அது எதிர்காலத் தேதியாகத் தெரிவதால் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று ஆப்ட் மறுத்துவிடும். செல்லை மாற்றுங்கள், தேதியைச் சரிசெய்யுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக இறங்குகிறதே என்று கேட்பீர்கள். உபுண்டு 22.04 முதல் அது ஸ்நாப் என்ற வேறொரு பொதி வடிவில் வருகிறது. ஸ்நாப் ஆப்ட் வழியில் போவதில்லை. நம் தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி, இணையமே எட்டாத இடம். மதுரையில் இணையம் உள்ள ஒரு கணினியில் பேக்கேஜ்களை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோக வேண்டும். இதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். இறக்கும் கணினியில் ஏற்கெனவே இருக்கும் துணைப் பேக்கேஜ்கள் மறுபடி இறங்காது. அப்படி விடுபட்ட ஒன்று ஊர்க் கணினியில் இல்லையென்றால் நிறுவல் பாதியில் நின்றுவிடும். ஆகவே ஊரில் உள்ள அதே உபுண்டு பதிப்பை, அதே 64 பிட்டை, மதுரைக் கணினியில் புதிதாக நிறுவி, ஆப்ட்-கெட் இன்ஸ்டாலோடு டவுன்லோட்-ஒன்லி சேர்த்து ஓட்டுங்கள். கோப்புகள் வார், கேச், ஆப்ட், ஆர்கைவ்ஸ் ஃபோல்டரில் சேரும். வெறும் ஆப்ட் என்று அடித்து நிறுவினால், நிறுவி முடித்ததும் டெப் கோப்புகளை, அதாவது இறக்கிய பேக்கேஜ் கோப்புகளை, அது அழித்துவிடும். ஆப்ட்-கெட் விட்டுவைக்கும்.

ஊருக்குப் போனதும் எஸ்ஆர்வி என்ற ஃபோல்டருக்குள் ரெப்போ என்று ஒன்றை உண்டாக்கி அதில் கொட்டுங்கள். ஹோம் ஃபோல்டர் வேண்டாம். ஆப்ட் தனக்கென வைத்திருக்கும் பயனர் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாமல் அனுமதிப் பிழை வரும். பிறகு டிபிகேஜி-டெவ் பேக்கேஜில் உள்ள, பட்டியல் தயாரிக்கும் டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸை ஓட்டி, வருவதைப் பேக்கேஜஸ் என்ற கோப்பில் எழுதுங்கள். டிபிகேஜி-டெவ்வையும் மதுரையிலேயே சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள், அங்கே போய்த் தேட முடியாது. நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டும் "அனுமதி இல்லை" என்று வந்தால் திகைக்காதீர்கள். சூடோ கட்டளைக்குத்தான், அம்புக்குறி போட்டுக் கோப்பில் எழுதுவது உங்கள் ஷெல், அதாவது நீங்கள் அடிக்கும் கட்டளைகளைப் படிக்கும் நிரல். ஃபோல்டரின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பெயர், பதிப்பு, எவற்றைச் சார்ந்தது, கோப்பு எங்கே, எத்தனை பைட், எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண் என்ன என்று ஒரு பத்தி இருக்கும். ஆப்ட் இதைத்தான் படிக்கும், ஃபோல்டரைத் துழாவாது. புது டெப் கோப்பைப் போட்டுவிட்டுப் பட்டியலை மறுபடி எழுதாவிட்டால் அந்தப் பேக்கேஜ் அதன் கண்ணில் படாது. அதே பெயரில் கோப்பை மட்டும் மாற்றினால் எண் ஒத்துப்போகாமல் ஹேஷ் சம் மிஸ்மேட்ச் வரும்.

கடைசியாக, சோர்ஸஸ் பட்டியலில் இந்த ஃபோல்டரைக் காட்டும் வரியில் டிரஸ்டட் ஈக்வல் எஸ் என்று சேர்த்தால் கையெழுத்துச் சோதனை இல்லாமல் ஏற்கும். பூட்டிய அறைக்குள் இருக்கும் கணினிகளுக்கு இது சரி. பல பள்ளிகளுக்குக் கைமாறும் களஞ்சியம் என்றால் கையெழுத்திட உதவும் ஜிபிஜி சாவி உண்டாக்கி, ரிலீஸ் கோப்பில் கையெழுத்திட்டே கொடுங்கள். அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

வணக்கம்.