மானுடவியல் பட்டம் சோறு போடுமா?

(கல்லூரி ஒன்றின் சமூக அறிவியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, இந்த மன்றம் வேண்டும் என்று பல வருடம் விடாமல் கேட்டு, இன்று உடம்பு முடியாத நிலையிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் இந்தக் கல்லூரியின் முன்னாள் முதல்வர் ஐயா அவர்களே, அம்மையார் துறைத்தலைவர் அவர்களே, பழங்குடியினர் நலத்துறையிலிருந்து வந்திருக்கும் அலுவலர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோரே, மாணவ மாணவியரே, எல்லோருக்கும் என் வணக்கம். நலத்துறை அலுவலர் வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அவரிடம் கேட்க ஒன்று இருக்கிறது. எனக்கு முன் வரவேற்புரை ஆற்றிய மாணவி ஒரு தாள்கூடக் கையில் இல்லாமல் பேசினார். அவருக்கு இன்னொரு முறை கை தட்டுங்கள்.

மானுடவியல், அதாவது மனிதர்களையும் அவர்கள் வாழும் முறையையும் ஆராயும் படிப்பு, படித்தால் என்ன வருமானம் என்று பேசச் சொன்னார்கள். அரசு வேலை, தனியார் வேலை, நம் ஊரில் இந்தப் படிப்புக்கு இருக்கும் தேவை என்று மூன்றாகப் பிரித்துப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்தப் படிப்பில் சேர்ந்த பிள்ளையிடம் சொந்தக்காரர்கள் முதலில் சொல்வது என்ன? ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.’ அதைச் சொன்ன பெரிய மனிதர்கள் அமெரிக்காவிலும் உண்டு. 2011இல் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆளுநராக இருந்த ரிக் ஸ்காட், எங்கள் மாநிலத்துக்கு இன்னும் நிறைய மானுடவியலாளர்கள் தேவையில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். பல்கலைக்கழகப் பணம் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் போகட்டும் என்பது அவர் வாதம். அவருடைய சொந்த மகளே மானுடவியல் பட்டதாரி! அந்த மாநிலத்து மாணவர்கள் கோபித்துக்கொண்டு ஊர்வலம் மட்டும் போய்விடவில்லை. மருத்துவமனையில், விவசாயத் தொழிலாளர்களிடையே, குற்றப் புலனாய்வில் தாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்று ஒவ்வொருவரும் எழுதித் தொகுத்து அவருக்கே தெரியும்படி வெளியிட்டார்கள். அதுதான் சரியான பதில்.

இப்போது கணக்குக்கு வருவோம். பெற்றோர் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள். கல்லூரி வளாகத்துக்கு வந்து இந்தத் துறை மாணவர்களை அள்ளிக்கொண்டு போகும் கம்பெனி இல்லை. மென்பொருள் படித்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு முதல் வருடம் கிடைப்பது உங்கள் பிள்ளைக்கு முதல் வருடம் கிடைக்காது. இதை மறைத்துப் பேசி யாரையும் சேர்க்கக் கூடாது. ஆனால் வழி இருக்கிறது. முதுகலை முடித்து நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். உதவிப் பேராசிரியர் ஆனால், ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில், தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. மத்திய அரசின் இந்திய மானுடவியல் அளவீட்டுத் துறையிலும் வேலை உண்டு; அதற்குக் கொல்கத்தாவில் தலைமையகம், நமக்குப் பக்கத்தில் மைசூரில் மண்டல மையம். குடிமைப்பணித் தேர்வில் 1,750 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு. அதில் 500 விருப்பப்பாடத்துக்கு. 2017ஆம் ஆண்டுத் தேர்வில் இந்தியாவிலேயே முதலிடம் பிடித்த அனுதீப் துரிஷெட்டி பொறியியல் படித்தவர். அவர் எடுத்த விருப்பப்பாடம் மானுடவியல்.

தனியார் பக்கம் போனால், இன்டெல் நிறுவனம் 1998இல் ஜெனிவீவ் பெல் என்ற மானுடவியலாளரை வேலைக்கு எடுத்தது. அவர் இந்தியா உட்படப் பல ஆசிய நாடுகளில் வீடு வீடாகப் போய், ஜனங்கள் கருவிகளை எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்து வந்து சொன்னார். 2012இல் உலக வங்கியின் தலைவராக வந்த ஜிம் யோங் கிம் மருத்துவர், மானுடவியலில் முனைவர். ஒபாமாவின் அம்மா ஆன் டன்ஹம் ஜாவாத் தீவின் கொல்லர்களைப் பற்றி ஆராய்ந்தவர், இந்தோனேசியாவில் சிறுகடன் திட்டங்களில் வேலை பார்த்தவர். அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊருக்கு வருகிறேன்.

வட மாவட்டம் ஒன்றில் இருளர் குடியிருப்பு. ஒரு பெண் பிள்ளை பிளஸ் டூ தேறிவிட்டாள். கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினருக்கு அதைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணைக்கு வந்த அலுவலர் அப்பாவைப் பார்த்து, “இருளர்னா பாம்பு பிடிப்பீங்களே, ஒண்ணு பிடிச்சுக் காட்டு” என்றார். அந்த மனிதர் சின்ன வயதிலிருந்து அரிசி ஆலையில் நெல் அவித்தவர். “சாமி, நான் பாம்பைக் கண்டா ஓடிடுவேன்” என்றார். மனு தள்ளுபடி! ஏட்டுச் சுரைக்காய் என்றால் இதுதான். இருளர் என்றால் பாம்பு என்று எங்கோ படித்திருக்கிறார், இருளர் வீட்டுத் திண்ணையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

மானுடவியல் முதுகலை முடித்து வீட்டில் சும்மா இருந்த ஒரு பெண்ணை நான் அங்கே அனுப்பினேன். அவள் நேரே அந்த வீட்டுப் பாட்டியிடம் போய் உட்கார்ந்தாள். கன்னியம்மாவுக்கு எப்படிப் படையல் போடுவீர்கள், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவீர்களா, அங்கே யார் யாருக்குக் கல்யாணம் நடந்தது, பெண் எடுத்தது எந்த ஊர் என்று கேட்டுக் கேட்டு, காலண்டர் பின்பக்கத்தில் வம்சக் கொடி வரைந்தாள். வரைந்துகொண்டே வந்தால், பாட்டியின் தம்பி பேரன் வேறொரு ஊரில் சான்றிதழ் வாங்கி வேலையில் இருக்கிறான்! பாட்டிக்கே அது தெரியாது. அந்தக் கொடியையும் பேரனின் சான்றிதழ் நகலையும் வைத்து மறுபடி மனு போட்டார்கள். சான்றிதழ் வந்தது, பிள்ளை கல்லூரிக்குப் போனாள்.

அந்த வம்சக் கொடியை வரைந்த பெண்ணுக்கு என்ன சம்பளம் கிடைத்தது தெரியுமா? நான் கொடுத்த பேருந்துக் கட்டணம். பண மதிப்பு என்று கேட்டீர்களே, சிக்கல் இங்கேதான். வேலை இருக்கிறது, பதவி இல்லை.

சட்டம் இந்த வேலையைக் கேட்கிறது. மாதுரி பாட்டீல் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், பழங்குடிச் சான்றிதழைச் சரிபார்க்கும்போது மானுடவியல் கூறுகளை, தெய்வம், சடங்கு, திருமண முறை, அடக்கம் செய்யும் முறை வரைக்கும், விசாரிக்கச் சொன்னது. 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகள், வழக்காறுகளைப் பதிவு செய்த ஆய்வுகளையும் வம்சாவளியையும் சான்றாக ஏற்கின்றன. 2013 நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது, அதைப் பரிசீலிக்கும் குழுவில் அரசு சாராத சமூக அறிவியலாளர் இருவர் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடிகள் 37. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 சமூகங்கள் மிகவும் நலிவுற்றவை என்று அரசே வகைப்படுத்தியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் பழங்குடியினர் 7,94,697 பேர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் துறை 1945இல் தொடங்கியது. அங்கே படித்து வெளியே வந்த பிள்ளையையும் சான்றிதழுக்கு அலையும் குடும்பத்தையும் சேர்த்து வைக்க ஒரு நாற்காலி போதும்.

அலுவலர் ஐயா, உங்களிடம் கேட்க வந்தது இதைத்தான். பழங்குடியினர் வாழும் ஒவ்வொரு கோட்டாட்சியர் அலுவலகத்திலும் மானுடவியல் பட்டதாரிக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் வேண்டும். தொகுப்பூதியம் வேண்டாம், காலமுறை ஊதியம் வேண்டும். பழங்குடிச் சமூகத்திலிருந்தே படித்து வந்த பிள்ளைகளுக்கு அதில் முதலிடம் வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் என்று எங்களைச் சொல்லும் அரசு, தோட்டத்துக்குப் போகிறவனுக்குச் சம்பளம் கொடுத்துப் பார்க்கட்டும்.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. பெற்றோரும் கையெழுத்துப் போடலாம், மாணவராக இருக்க வேண்டும் என்று இல்லை. முன்னாள் முதல்வர் ஐயா முதல் கையெழுத்தை ஏற்கெனவே போட்டுவிட்டார். அடுத்த வாரம் தலைமைச் செயலகத்துக்கு நானே எடுத்துப் போகிறேன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.