ஊசி போட்ட பிறகு பி கலத்துக்குள் என்ன நடக்கிறது?

(ஹட்டனில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். கவ்வாத்துக் கத்தி கையில் பட்டால் தோட்ட டிஸ்பென்சரியில் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போடுவார்கள் இல்லையா, அந்த மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ஊசியில் இருப்பது ஏற்புக் கிருமியின் நஞ்சு. கெடுதல் செய்யாதபடி மாற்றியது. நோயை எதிர்க்கும் வெள்ளைக் கலங்களில் ஒரு வகைதான் பி கலம். அந்த நஞ்சுக்குப் பொருந்துகிற வாங்கி, அதாவது அது வந்து ஒட்டுகிற மேற்பரப்புப் புரதம், நம்முடைய பி கலங்களில் ஒரு சிலவற்றில்தான் இருக்கும். அந்த வாங்கியில் அது ஒட்டியதும் உள்பக்கம் லின், சிக் என்ற நொதியங்கள் வேலையைத் தொடங்குகின்றன, அவை பிடிகே என்ற இன்னொரு நொதியத்தைத் தூண்ட, கலத்துக்குள் கல்சியம் ஏறுகிறது, அப்புறம்தான் என்எஃப்-கப்பாபி, என்ஃபாட் என்ற புரதங்கள் கலத்தின் கருவுக்குள் நுழைந்து பரம்பரையலகுகளை இயக்குகின்றன.

சரி, நம் உடம்பின் சொந்தப் புரதம் அதே மாதிரி ஒட்டினால்? அங்கேதான் எனக்கு இந்தப் பாடம் பிடித்துப்போனது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்கும் தப்பு என்ற பறைதான், சாவுக்கும் அதே தப்புதான், அடிக்கிற விதத்தைக் கேட்டே ஆட்களுக்கு விஷயம் புரிந்துவிடும், கல்சியமும் அப்படித்தான். சட்டென்று உச்சத்துக்கு ஏறி இறங்கினால் என்எஃப்-கப்பாபி இயங்குகிறது, குறைந்த அளவில் நெடுநேரம் நின்றால் என்ஃபாட் மட்டும் இயங்குகிறது. 1997இல் பி கலங்களிலேயே இதைக் காட்டினார்கள். சொந்தப் புரதம் ஓயாமல் ஒட்டிக்கொண்டே இருந்து கல்சியம் இப்படிக் குறைவாகவே நின்று, ரி கலம் என்ற இன்னொரு வகை வெள்ளைக் கலத்தின் உதவியும் வராவிட்டால், அந்த பி கலம் அடங்கிப்போகிறது. ஊசி மருந்துக்கோ ரி கலம் துணைக்கு வருகிறது. பி கலம் பெருகி, அவற்றில் சில, கிருமியையும் நஞ்சையும் எதிர்க்கும் புரதமான பிறபொருளெதிரியைச் சுரக்கும் கலங்களாக மாறுகின்றன.

பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 1952இல் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர், அடிக்கடி கடும் தொற்று வந்த எட்டு வயதுப் பையனின் இரத்தத்தில் பிறபொருளெதிரி இருக்கும் புரதப் பகுதியே இல்லை என்று கண்டார். காரணமான பரம்பரையலகு பிடிகேதான் என்று 1993இல் தெரிந்தது. பிடிகே பழுதானால் பி கலங்கள் வளர்வதே இல்லை. இந்தப் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வருகிறது. மகனுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் தாயிடமிருந்துதான் வருகிறது, ஆனால் அதற்காகத் தாயைக் குறை சொல்வது அநியாயம். அரிய நோய்தான், ஆனாலும் பையனுக்குக் காதில் சீழ், நெஞ்சுச் சளி என்று கடுமையாகத் திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வொரு முறையும் மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், பிறபொருளெதிரி அளவைப் பார்க்க வேண்டுமா என்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். குறை இருந்தால் பிறபொருளெதிரியை வெளியிலிருந்து ஏற்றி அந்தப் பிள்ளையைக் காப்பாற்றலாம்.