மல்கோவா கொட்டையை நட்டால் மல்கோவா காய்க்காது! ஏன் தெரியுமா?

சேலத்தில் மாம்பழ சீசன். கடைவீதியில் மல்கோவா வாங்கி, சாறு முழங்கை வரை வழியச் சாப்பிட்டு, கொட்டையைக் கழுவி வீட்டுக்குப் பின்னால் நடுகிறீர்கள். வருஷக்கணக்கில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். மரம் காய்க்கிறது. கடித்தால் ஒரே நார், புளிப்பில் பல் கூசுகிறது! கடைக்காரர் ஏமாற்றவில்லை. மண்ணும் ஏமாற்றவில்லை. மரபியல் தன் வேலையைப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

பாதியில் ஓடிவிடாதீர்கள் மக்களே. நடுவில் ஒரு அக்கா தங்கை கதை வருகிறது, இந்த வீடியோவையே அதற்காகத்தான் எடுத்தேன்.

(திரையில்: பட்டாணிச் செடி)

முதலில் பாடப்புத்தக விஷயம், வேகமாக. மெண்டல், இன்றைய செக் நாட்டில் ஒரு மடத்துத் துறவி. பட்டாணியைக் கலப்பு செய்து வளர்த்து 1866-இல் கட்டுரை வெளியிட்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1900-இல் உலகம் விழித்தபோது அவர் போய்ச் சேர்ந்து 16 வருஷம் ஆகியிருந்தது. அவர் சொன்னது இதுதான்: ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வரும். ஒன்று ஓங்கி நின்றால் மற்றது ஒளிந்திருக்கும், அழியாது. உருண்டைப் பட்டாணியையும் சுருங்கியதையும் கலந்தார், பிள்ளைகள் எல்லாம் உருண்டை. பேரப்பிள்ளைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. சரி, பட்டாணி போதும்.

(திரையில்: குறுக்கே வெட்டிய மாங்கொட்டை, உள்ளே பருப்பு)

இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நீங்கள் சப்பிச் சாப்பிட்ட சதை முழுக்கத் தாய்மரத்தினுடையது. உள்ளே இருக்கும் பருப்புதான் பிள்ளை. சதையின் ருசியை வைத்துப் பிள்ளையின் குணத்தைச் சொல்லவே முடியாது. தகப்பன் யார்? தோப்பில் பக்கத்து மரம் பெங்களூராவாக இருக்கலாம், நாட்டு மாவாக இருக்கலாம். பூவுக்குப் பூ தாவிய ஈக்குத்தான் வெளிச்சம்.

மாவின் செல்லில் குணங்களைச் சுமக்கும் இழைகள், அதாவது குரோமோசோம்கள், 40. ஜோடியாகப் பார்த்தால் 20. சூலோ மகரந்தமோ உருவாகும்போது ஜோடிக்கு ஒன்றுதான் போகும். எது போகும் என்பது சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுகிற மாதிரி. 20 ஜோடி, ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ப்பு என்றால் ஒரே மரத்தில் 10,48,576 விதமான சூல் வர வழியிருக்கிறது. மகரந்தம் தரும் மரத்துக்கும் அதே கணக்கு. இரண்டையும் பெருக்கினால் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், காத்திருக்கிறேன்.

இது போதாதென்று, பிரிவதற்கு முன் ஜோடிகள் ஒட்டி நின்று துண்டு துண்டாக மாற்றிக்கொள்ளும். அது குறுக்கேற்றம். டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும்போது எப்போதாவது விழும் பிழை சடுதிமாற்றம். என்னைக் கேட்டால் அதற்குத்தான் தனி மரியாதை தர வேண்டும். புதுச் சரக்கு அங்கிருந்துதான் வருகிறது, மற்றதெல்லாம் இருப்பதைக் கலைத்து அடுக்குவதுதான்.

இப்போது அக்கா தங்கை. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நம்ம பக்கத்து நீலத்தைத் தாயாகவும் வடக்கத்தி தசேரியைத் தந்தையாகவும் வைத்து எடுத்த ரகம் மல்லிகா. தசேரி தாய், நீலம் தந்தை என்று மாற்றி எடுத்தது அம்ரபாலி. பெற்றோர் அதே இருவர்தான்! மல்லிகா பழம் பெரிது. அம்ரபாலி பழம் சிறிது, மரமே குள்ளம், நெருக்கி நடலாம். தாயும் தந்தையும் இடம் மாறியதுதான் காரணம் என்று அவசரப்பட வேண்டாம். ஒரே பெற்றோரின் கொட்டைகளே ஒன்றுபோல் இன்னொன்று வராது. முளைத்ததில் பொறுக்கி எடுத்த ஒவ்வொரு கன்றின் வம்சம் இவை.

அப்புறம் கடையில் எல்லா மல்கோவாவும் எப்படி ஒரே மாதிரி இருக்கிறது? ஏற்காடு அடிவாரத்து நர்சரியில் ஒருவரிடம் கேட்டேன்.

“அண்ணே, கொட்டைக்கன்னு இருக்குங்களா?”

“அது எதுக்குங்க தம்பி? அதுல என்ன காய்க்கும்னு மரத்துக்கே தெரியாது. ஒட்டுக்கன்னு எடுத்துக்கங்க.”

(திரையில்: கைகள் மட்டும், நெருக்கத்தில்)

பென்சில் தடிமன் கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளக்கிறார். மல்கோவா குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவிச் செருகுகிறார். பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறார். வேர் யாருடையதோ, மேலே வளர்வது அதே பழைய மல்கோவா. கலைப்பதே இல்லை, நேரடி நகல்.

ஆனால் மலை மேலே ஏற்காட்டு அராபிகா காப்பி விதையிலிருந்தே வளர்கிறது. தன் மகரந்தத்தாலேயே கருத்தரிக்கும் செடி அது, பிள்ளைகள் பெரும்பாலும் தாயை ஒத்தே வரும். வேறுபாடு குறைவு என்பதால் இலைத்துரு நோய் வந்தால் தோட்டமே படுத்துவிடும். வசதிக்கு விலை உண்டு.

மாவிலும் சில ரகங்களில் ஒரே கொட்டையிலிருந்து ரெண்டு மூணு முளை கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை கருவுறாமல் தாயின் திசுவிலிருந்தே வந்த நகல்கள்! உங்கள் வீட்டில் அப்படி ஒன்று முளைத்தால் பிடுங்கிப் போடாதீர்கள். படம் எடுத்து, ஊர் பேரோடு கமெண்ட்டில் சொல்லுங்கள்.