லெட்டர் பாக்ஸ் ரெடி, ஓட்டுதான் வரல!

வணக்கம் மக்களே. இன்னிக்கு டீ இல்ல, கோப்பி ஓ கோசோங், பாலும் சக்கரையும் இல்லாத கடுங்காப்பி. அப்படின்னா நான் கோபத்துல இருக்கேன், உங்களுக்குத்தான் தெரியுமே. நேத்து, 2025 மே 3, பொதுத்தேர்தல், சிங்கப்பூரே ஓட்டு போட்டுச்சு. நான் போடல.

போன வீடியோல லெட்டர் பாக்ஸ் பூட்டு மக்கர் பண்ணுதுன்னு புலம்பினேன்ல? வாக்கு அட்டை உள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன். 60 வெள்ளின்னாரு, அதான் சிங்கப்பூர் டாலர். கட்டைவிரல் சைஸ் பூட்டுக்கு 60 வெள்ளி! எதிர்வீட்டு ஆன்ட்டிக்கும் பூட்டு மாத்தணும், ரெண்டையும் சேர்த்துப் பண்ணுங்கன்னு சொன்னேன். ஆன்ட்டிக்கு விஷயமே தெரியாது. 45க்கு இறங்கினாரு. இந்த வருஷம் நான் ஜெயிச்ச ஒரே தேர்தல் அதுதான்.

அது ஏப்ரல் 22. மறுநாள் வேட்புமனு தாக்கல். எங்க மரீன் பரேட்-பிராடல் ஹைட்ஸ் குழுத்தொகுதிக்கு, அதாவது வேட்பாளருங்க ஒரே அணியா நிக்கிற தொகுதிக்கு, எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி ஆளே அனுப்பல. ஆளுங்கட்சி மசெக, அதான் மக்கள் செயல் கட்சி, போட்டியில்லாம ஜெயிச்சாச்சு. 5 எம்பி. மத்தியானமே முடிஞ்சிருச்சு. 1,30,000 பேருக்கு மேல வாக்காளர்கள், ஒருத்தருக்கும் ஓட்டு இல்ல. 2020ல மரீன் பரேடா இருந்தப்ப இதே பாட்டாளிக் கட்சி 42 சதவீதம் வாங்கியிருக்கு. நூத்துல அந்த 42 பேருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? எனக்கு மசெக மேல அவ்வளவு கோபமில்ல. வந்தாங்க, கையெழுத்துப் போட்டாங்க, போனாங்க. வராதவங்க மேலதான் எரியுது. ஆள் பத்தாது, பலத்தை நாலு இடத்துல குவிக்கணும், கணக்கெல்லாம் புரியுது. புரிஞ்சா கோபம் வரக்கூடாதா என்ன?

மதுரைத் தம்பி ஒருத்தர் எப்பவும் கமெண்ட் போடுவாரே, அவரு கேட்டிருக்காரு: ‘விரல் மை காட்டுங்க அக்கா. உங்க ஊர்ல சர்வாதிகாரம்தானே, ஓட்டு போடலைன்னா பேரையே எடுத்துடுவாங்களாமே?’ தம்பி, இங்க விரல்ல மை வைக்கிறதில்ல. பேரை எடுக்கிறது உண்மை. சரியான காரணம் இல்லைன்னா 50 வெள்ளி கட்டித்தான் திரும்பச் சேரணும். பூட்டைவிட 5 வெள்ளிதான் ஜாஸ்தி. ஆனா போட்டியே இல்லாத தொகுதிக்கு அந்தப் பேச்சே கிடையாது. ஓட்டு கட்டாயம், வேட்பாளர் கட்டாயமில்ல.

சர்வாதிகாரம்னா, தம்பி, உங்க பக்கம் 1975ல எமர்ஜென்சி. 1976 ஜனவரி 31ல திமுக ஆட்சியையே கலைச்சாங்க. 1977ல வடக்கே இந்திரா காந்தியைத் தூக்கி எறிஞ்சாங்க. தமிழ்நாடு? அதே காங்கிரஸ் இருந்த கூட்டணிக்கு 39ல 34 சீட். அதனால ஆட்சி பண்றவங்கதான் கெட்டவங்க, வாக்காளர் எல்லாரும் பாவம்னு என்கிட்ட சொல்லாதீங்க.

எங்கம்மாவையே எடுத்துக்கோங்க. வாக்குச்சீட்டுல ஒரு நம்பர் இருக்கும். ‘அதை வச்சு யாருக்குப் போட்டேன்னு கண்டுபிடிச்சிடுவாங்க’ன்னு இன்னமும் நம்புறாங்க. கள்ளச்சீட்டு வராம இருக்கத்தான்மா நம்பர், எண்ணினப்புறம் சீல் வச்சு உச்ச நீதிமன்றத்துப் பெட்டகத்துல 6 மாசம் இருக்கும், அப்புறம் அழிச்சிடுவாங்கன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு. தலையாட்டுவாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, ‘எதுக்குடி வம்பு?’ம்பாங்க. வீட்டுல நாங்க ரெண்டே பேர், ஜன்னல்கூட சாத்தியிருக்கு. யாரும் அவங்களை மிரட்டல. போட்டி இல்லைன்னு டிவியில சொன்னதும் அவங்க விட்ட பெருமூச்சு இருக்கே... எனக்கு அந்தப் பெருமூச்சுதான் பயமா இருந்துச்சு.

நேத்து சும்மா இருக்க முடியாம, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அல்ஜுனிட் குழுத்தொகுதியில இருக்கிற தோழியோட அம்மாவைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். அவங்களுக்கு ஓட்டு இருக்கு, எனக்கு இல்ல, நடுவுல ஒரு ரோடு. வாக்களிப்பு நிலைய வாசலோட நான் நின்னுட்டேன். அவங்க கைப்பையில வாக்கு அட்டையை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மேல ரப்பர் பேண்ட் வேற. வெளிய வந்தப்ப கவர் காலி, ரப்பர் பேண்ட் மட்டும் கையில வளையல் மாதிரி. பொறாமையா இருந்துச்சு, சத்தியமா.

ராத்திரி முடிவு வந்துச்சு. மசெகவுக்கு 65.57 சதவீதம், 97 சீட்டுல 87. பாட்டாளிக் கட்சிக்கு 10. அந்த 65லயும் நான் இல்ல, மிச்சத்துலயும் இல்ல.

ஐயோ, தஞ்சோங் பகார் மாமாவை மறந்துட்டேன், இதை முதல்லயே சொல்லியிருக்கணும். அவரு தொகுதியில 1991லேருந்து 2011 வரைக்கும் 5 பொதுத்தேர்தல், ஒண்ணுலகூடப் போட்டி இல்ல. 2011ல ஒரு அணி மனுவோட வந்துச்சு, 35 வினாடி லேட்டுன்னு சேர்த்துக்கல. அந்த 35 வினாடியை மாமா கல்யாண வீட்டுலகூட விடமாட்டாரு. அதுக்கப்புறம் போட்டியில்லாம போன முதல் தொகுதி எங்களோடது. நாமினேஷன் அன்னிக்கு ஃபோன் பண்ணி ஒரு மூச்சு கத்தினேன். அவரு பொறுமையா கேட்டுட்டு, ‘விடும்மா, ரெண்டு தேர்தல் போனா பழகிடும்’ன்னாரு. நான் ஒண்ணும் பேசல. நான் பேசாம இருந்தது இதுதான் முதல் தடவைன்னு அம்மா சொல்றாங்க.

இன்னிக்குக் காலையில லெட்டர் பாக்ஸைத் திறந்தேன். பூட்டு வெண்ணெய் மாதிரி சுத்துது. உள்ள பீட்சா நோட்டீஸ் ரெண்டு. அந்த ஆன்ட்டி வேற, பூட்டுக்காரர் எப்ப வருவாருன்னு கேட்கிறாங்க.