கோவிட் காலத்தில் உலக ஸ்கேட்டிங் போட்டி நடத்தியது சரியா?

(காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட், சாயங்கால நேரம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டு வாசல். ஒரு பிள்ளை சிலம்பம் சுற்றுகிறாள்.)

வணக்கம். இந்தப் பிள்ளை எங்கள் பக்கத்து வீடு. வெயில் இறங்கியதும் கம்பைக் கையில் எடுத்தால் ஏழு மணிவரை விடமாட்டாள். 2021 மார்ச் மாதம் அவளுக்குப் பதினொரு வயது. பள்ளிப் போட்டிகள் எல்லாம் நின்றுபோயிருந்தன. ஒருநாள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். சுவீடனின் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி, பனித்தளத்தில் சறுக்கிச் சுழன்று ஆடும் ஆட்டம். பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத அரங்கம், நடுவில் ஒரு பெண் மட்டும் சுழன்றுகொண்டிருந்தாள்.

"மாமா, எங்களுக்குப் போட்டி இல்லன்னுட்டாங்க. இவங்களுக்கு மட்டும் எப்படி?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பிவிட்டேன். அது பதிலே இல்லை. இந்த வீடியோவில் அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

(காட்சி: 2020 மார்ச் மாத நாட்காட்டி.)

முதலில் மாண்ட்ரியல். 2020-ஆம் ஆண்டு உலகப் போட்டி மார்ச் 16-ஆம் தேதி கனடாவில் தொடங்குவதாக இருந்தது. மார்ச் 11-ஆம் தேதி கியூபெக் மாநில அரசு அதை ரத்து செய்தது. உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்ததும் அதே நாள்தான். ஒரு வாரம் கழித்து, 18-ஆம் தேதி, இங்கே நமக்கு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இதற்குமுன் உலகப் போட்டி ரத்தானது 1961-இல். அமெரிக்க அணி மொத்தமும் பயணம் செய்த விமானம் பெல்ஜியத்தில் விழுந்து, அதில் இருந்த யாருமே பிழைக்கவில்லை. அதற்கு அடுத்தபடியாக 2020. அந்த நேரத்தில் தடுப்பூசி கிடையாது, பரிசோதனைக்குக்கூட வசதி போதவில்லை. நிறுத்தியது சரிதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சிக்கல் அடுத்த பருவத்தில்தான் தொடங்குகிறது. கிராண்ட் பிரி என்ற வருடாந்தரத் தொடரின் போட்டிகள் நான்கு நாடுகளில் நடந்தன. பெரும்பாலும் அந்தந்த நாட்டில் இருந்தவர்களே ஆடினார்கள். கனடாவும் பிரான்சும் தங்கள் போட்டிகளைக் கைவிட்டன. ஐரோப்பியப் போட்டி, நான்கு கண்டப் போட்டி, ஜூனியர் உலகப் போட்டி மூன்றும் ரத்து. மிஞ்சியது ஸ்டாக்ஹோம் ஒன்றுதான்.

(காட்சி: பனித்தளத்தின் குறுக்குவெட்டுப் படம். தடுப்புப் பலகைக்குக் கீழே நீல நிறத்தில் குளிர்ந்த காற்று.)

பனித்தளம் ஏன் ஆபத்தான இடம்? படத்தைப் பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, மேலே எழும்பாது. சுற்றிலும் தடுப்புப் பலகை இருப்பதால் தொட்டியில் தண்ணீர் நிற்பது மாதிரி பனிக்கு மேலேயே நிற்கும். அதற்குள் நின்று மூச்சு வாங்க ஆடுகிறார்கள். 2020 ஜூனில் ஃபுளோரிடாவில், உள்ளரங்கில் ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்தது. ஆடியவர்கள் 22 பேர். அவர்களில் 14 பேருக்கு ஐந்து நாளுக்குள் கோவிட் அறிகுறிகள் வந்துவிட்டன.

ஸ்கேட்டிங்கில் ஒருவர்தானே ஆடுகிறார் என்று கேட்பீர்கள். நான்கு நிமிட ஆட்டத்தில் அவர் தனி ஆள்தான், உண்மை. ஆனால் அதற்குமுன் ஆறு நிமிட வார்ம்-அப் இருக்கிறது. ஆறு பேர்வரை ஒன்றாக இறங்கி, ஒருவரை ஒருவர் உரசாத குறையாகப் பாய்கிறார்கள். அப்புறம் உடை மாற்றும் அறை, ஹோட்டல் லிஃப்ட், விமானம். என் கவலையெல்லாம் இந்த இடங்களைப் பற்றித்தான்.

என் அக்கா ஜொகூரில் இருக்கிறார். 2021-இல் மாநிலம் தாண்டிப் போகும் தடை அக்டோபர் 11-ஆம் தேதிதான் நீங்கியது. அதுவரை அவர் முகத்தைத் திரையில்தான் பார்த்தோம். அந்த வருஷத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக என் அண்ணன் நேர்ந்திருந்தார், அனுமதி இல்லை. அப்படித் தவித்துக்கொண்டிருந்தவரிடம் போய், ஸ்கேட்டிங் வீரர்கள் நாடு நாடாகப் பறந்து வந்து ஆடுகிறார்கள் என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் இதையும் பாருங்கள். அண்ணனின் நேர்த்திக்கடன் காத்திருந்தது. 2023-இல் ஈப்போவின் கல்லுமலை முருகன் கோயிலில் காவடி எடுத்தார். முருகன் பொறுத்துக்கொள்வார். ஓர் ஆட்டக்காரரின் உடம்பு பொறுக்காது. ஸ்டாக்ஹோமில் பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற ரஷ்யாவின் அன்னா ஷெர்பகோவாவுக்கு அப்போது 16 வயது, 17 ஆக இரண்டே நாள். பெண்கள் பிரிவில் பலருக்கு உச்சம் என்பதே இரண்டு மூன்று வருஷம்தான். அதில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. நம் பிள்ளையாவது வாசலில் கம்பு சுற்றலாம். பனி வீட்டு வாசலில் கிடைக்காது. நம் நாட்டில் பனித்தளம் மாலுக்குள் இருக்கிறது. மால் மூடப்பட்டால் பயிற்சியும் முடிந்தது. 2018-இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் மலேசியர் ஜூலியன் யீ வளர்ந்ததே அப்படி ஒரு மால் தளத்தில்தான்.

அதனால் ஸ்டாக்ஹோமில் போட்டி நடந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். பார்வையாளர் இல்லை. ஹோட்டலும் அரங்கமும் வெளியாட்கள் நுழைய முடியாத ஒரே வளையத்துக்குள். பரிசோதனை செய்துதான் உள்ளே விட்டார்கள். வளையம் ஓட்டையே இல்லாததா என்றால், இல்லை. மறுவருஷம் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அவ்வளவு கெடுபிடிக்குள்ளும் அமெரிக்காவின் வின்சென்ட் ஜோவுக்குத் தொற்று வந்தது. குழு ஆட்டத்தில் ஆடி முடித்தவர், தனிநபர் பிரிவில் இறங்க முடியாமல் அறையிலேயே இருந்துவிட்டார்.

(காட்சி: ஸ்டாக்ஹோமிலிருந்து பெய்ஜிங்குக்கு ஓர் அம்புக்குறி.)

நான் ஏற்றுக்கொள்ளாதது ஒன்று உண்டு. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எந்த நாட்டுக்கு எத்தனை இடம் என்பதில் பெரும்பகுதியை அந்த ஸ்டாக்ஹோம் போட்டியே முடிவு செய்தது. ஜப்பானின் யுசுரு ஹன்யுவுக்கு ஆஸ்துமா. அதையும் பயண ஆபத்தையும் சொல்லி 2020 கிராண்ட் பிரியிலிருந்து விலகினார். அவர் இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்றவர், அந்தப் பருவத்தில் ஒன்றை விட்டாலும் அவருக்கு இடம் உண்டு. ஒரே ஓர் ஆட்டக்காரரை வைத்திருக்கும் சின்ன நாட்டை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் ஆஸ்துமா, வீட்டில் வயதான பாட்டி. அவர் போகவில்லை என்றால் நாட்டின் ஒலிம்பிக் வாய்ப்பே குறைகிறது. இஷ்டமிருந்தால் வா, இல்லையென்றால் வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மாற்று வழி இருந்தது. மிச்ச இடங்களுக்காக ஜெர்மனியில் செப்டம்பரில் ஒரு தகுதிப் போட்டி வழக்கம்போல நடந்தது. அதற்குள் பல நாடுகளில் தடுப்பூசி வந்துவிட்டது. அந்தப் பங்கைக் கூட்டி, ஸ்டாக்ஹோம் பங்கைக் குறைத்திருந்தால் மார்ச்சில் பயந்தவர் செப்டம்பரில் வந்திருப்பார். இன்னொரு தொற்று வந்தால் முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பங்கீட்டைத்தான்.

(காட்சி: மறுபடியும் வீட்டு வாசல். கம்பு சுவரில் சாய்ந்திருக்கிறது.)

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 2022-இல் போட்டி திரும்ப வந்தது. அவள் இரண்டு வருஷமாகப் பயிற்சி செய்த 12 வயதுக்கு உட்பட்ட பிரிவைத் தாண்டிவிட்டிருந்தாள். மேல் பிரிவில் நிறுத்தினார்கள். எதிரே வந்த பிள்ளை அவளைவிட ஒரு தலை உயரம்.