மானுக்குத் தெரிந்த கதை

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். நீட்டினால் மணி அடித்துவிடுவார், நேரே வருகிறேன்.

பேராசிரியர் ஒருவருக்கும் அவருடைய 19 வயது மாணவிக்கும் இடையிலான உறவை கனடாவின் ஹன்னா மொஸ்கோவிச் நாடகமாக்கினார். 2020இல் ரொறன்ரோவில் மேடையேறியது. 2025இல் நியூயோர்க்கில் ஹியூ ஜக்மன் பேராசிரியராக நடித்தார். ஆமாம், 'எக்ஸ்மென்' படங்களில் கையில் நகம் முளைக்குமே, அவரேதான். இப்படியான நாடகம் எங்கள் திருகோணமலை மேடைக்கு வேண்டுமா என்பது தலைப்பு. வேண்டும் என்பது எங்கள் கட்சி.

எதிரணி அக்கா கேட்டார்: "தம்பி ரொறன்ரோ போய்ப் பார்த்தவரோ, உப்புவெளிக் கடற்கரையில் படுத்துக் கனவு கண்டவரோ?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் அக்கா, ஞானசம்பந்தர் இராமேச்சரத்தில் நின்றபடியே கோணமாமலையைப் பாடினார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவரிடம் போய் "பஸ் டிக்கெட் எங்கே?" என்று கேட்பீர்களா? அவருக்கு ஞானப்பால் கிடைத்தது. எனக்கு நாடகப் பிரதியும் ஒரு பிளேன்ரீயும் கிடைத்தன. அவ்வளவுதான் வித்தியாசம்!

"குருவைத் தெய்வம் என்ற மண்ணில் இது நடக்காது" என்றார் அக்கா. நடக்காதாம்!

கோட்டைப் பக்கம் ஒரு ரியூசன் கொட்டில். அங்கே நாங்கள் முப்பது பேர் படித்தோம், மான்களைச் சேர்க்காமல். ஏ.எல். உயர்தரப் பரீட்சை இரண்டாந்தரம் எடுக்க வந்த அக்கா ஒருவரின் கொப்பியை ஒருநாள் மான் இழுத்துக்கொண்டு போனது. துரத்திப் பிடித்தோம். கணக்கெல்லாம் அப்படியே இருந்தது. ஓரத்தில் படிப்பிக்கிற சேர் சிவப்புப் பேனையால் எழுதிய கவிதை மட்டும் பாதி இல்லை!

பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? இன்னொருக்கா சொல்கிறேன். வகையீடு வேண்டாம், தொகையீடு வேண்டாம், கவிதைதான் வேண்டும் என்று கடித்த மான் ஐயா அது! மிச்சப் பாதியை நாங்கள் ராகம் போட்டு ஒரு மாதம் பாடினோம்.

அடுத்த மாதம் அந்த அக்கா வரவில்லை. சேர் வந்தார். "அந்தப் பிள்ளைதான் சேரின் மனதைக் கெடுத்ததாம்" என்று ஊர் பேசியது. நாடகத்திலும் பேராசிரியர் தன் கதையைத் தானே சொல்கிறார், அதுவும் தன்னை "அவர்" என்று, யாரோ மூன்றாம் மனிதர்போல. கடைசியில்தான் தெரிகிறது, அத்தனையையும் எழுதியவள் அந்த மாணவி. எங்கள் அக்கா எதையும் எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை, பாட்டுத்தான் பாடினோம்.

கொட்டில் தூணில் அந்த அக்காவின் குடை தொங்கியபடி கிடந்தது. அதை எடுக்க அவருடைய அம்மாதான் வந்தா. சேர் சோக்குக் கையோடு எடுத்துக் கொடுத்தார். அம்மா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கைப்பிடியில் பட்ட சோக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தா, துடைத்துக்கொண்டே போனா.

மணி அடிக்கிறது, முடிக்கிறேன் ஐயா. அந்த அக்கா இப்போதும் இந்த ஊரில்தான் இருக்கிறார். மகளை ரியூசனில் விட்டால் வீட்டுக்குப் போவதில்லை, வகுப்பு முடியும்வரை வாசலிலேயே நிற்பார். போன கிழமை நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குறுக்குத் தெருவால் திரும்பிவிட்டேன்.

வணக்கம்.