உலோகப்போலி நெல்லுக்குள் புகுந்த வழி

[திரையில்: நீர் நிற்கும் நெல் வயல். கேமரா மெல்லத் தண்ணீருக்குள் இறங்குகிறது.]

ஒரு சாண் ஆழத்துக்குப் போவோம். சேறு கறுத்திருக்கிறது, கிளறினால் அழுகிய முட்டை வாடை. அங்கே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

நச்சுப் பொருளான ஆர்சனிக்கை வேதியியலில் உலோகப்போலி என்பார்கள். பார்க்க உலோகம் மாதிரி, ஆனால் முழு உலோகம் இல்லை. நெல்லிடம் அது காட்டும் வேலையைப் பார்த்தால், பெயர் வைத்தவரைப் பாராட்டத் தோன்றும்.

பாறை, நிலத்தடி நீர், சுரங்கக் கழிவு, அந்தக் காலத்து ஆர்சனிக் பூச்சிக்கொல்லி என்று எப்படி வந்திருந்தாலும், காய்ந்த மண்ணில் ஆர்சனிக் பெரும்பாலும் இரும்புத் துருவில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேருக்கு எளிதில் சிக்காது. தண்ணீர் தேங்கியதும் கதை மாறுகிறது. ஆக்சிஜன் கிடைக்காத நுண்ணுயிர்கள் அந்தத் துருவை வைத்தே சுவாசிக்கின்றன. துரு கரைகிறது. ஒட்டியிருந்த ஆர்சனிக், ஆர்சனைட் என்ற வடிவத்தில் நீரில் கலக்கிறது.

[அனிமேஷன்: வேரின் குறுக்குவெட்டு. செல்லின் சவ்வில் ஒரு சின்ன வாசல்.]

நெல்லுக்குச் சிலிக்கா ஏராளமாக வேண்டும். நெல் தோகை கையை அறுப்பதே அதனால்தான். சிலிக்காவை உள்ளே விட வேரில் தனி வாசல்களே உண்டு. ஆர்சனைட்டும் கரைந்த சிலிக்காவும் ஏறக்குறைய ஒரே பருமன், இரண்டுக்கும் மின்னூட்டம் இல்லை. வாசலுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, உள்ளே விட்டுவிடுகிறது. 2008இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. கோதுமை நீர் தேங்காத மண்ணில் வளர்வதால் இந்தச் சிக்கல் குறைவு. நெல் மணியில் சேர்வது அதைப்போல் சுமார் பத்து மடங்கு.

சரி, அரிசியில் எங்கே தங்குகிறது? தவிட்டில்தான் அதிகம். சத்துக்காகத் தீட்டாத அரிசிக்கு மாறியவர்களுக்குக் கசப்பான செய்தி. கனிம ஆர்சனிக், அதாவது ஆர்சனைட் போன்ற கார்பனோடு சேராத வடிவம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதனால் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று 2014இல் வரம்பு வைத்தது. தீட்டாததற்கு 2016இல் 0.35. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஒரு பகுதி வெளியேறும். அந்தத் தண்ணீரிலேயே ஆர்சனிக் இருந்தால் பயனில்லை.

[திரையில்: நீர் வடிந்து, லேசாக வெடிப்பு விட்ட வயல்.]

வயலில் செய்யக்கூடியது, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது. காற்று புகுந்தால் துரு மறுபடி உருவாகி ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் மிச்சம். ஆனால் ஒரு வில்லங்கம் இருக்கிறது. காய்ந்த மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கிளம்பி வரும், அதுவும் மணியில் ஏறும். ஆகவே எத்தனை நாள் காயவிடலாம் என்பதை, இந்த இரண்டில் எது அதிகம் என்று மண்ணைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.